பாத்திரத்தில் பேர் வெட்ட லேசர் மெஷின்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

சீர் வைக்கிற எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டாமல் கொண்டுபோய் இறக்கினால் எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்கு மனசு ஆறாது. இன்னார் அன்பளிப்பு என்று ஒரு வரி, அதன்கீழ் ஊரும் தேதியும். பத்து வருஷம் கழித்துப் பரணிலிருந்து இறக்கும்போது குடம் யார் வைத்தது என்ற பேச்சு வந்தால், அந்த ஒரு வரிதான் பதில் சொல்லும்.

நான் இந்தத் தொழிலுக்குக் கரண்ட் பேனாவோடு வந்தவன். டர்ர்ரென்று அதிரும் அந்தப் பேனாவை முகூர்த்த நாளில் காலையிலிருந்து பிடித்திருந்தால், ராத்திரி சோற்றைப் பிசையும்போதும் கை நடுங்கிக்கொண்டிருக்கும். சில வருஷமாக ஃபைபர் லேசர் வைத்து ஓட்டுகிறேன். வந்து பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணே, நானும் ஒண்ணு போடலாம்னு இருக்கேன், எந்த மெஷின் வாங்கலாம்?”

அந்தக் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்வதில்லை. என்ன பொருளில் எழுதப் போகிறீர்கள், அதை வாங்கிப் போகிறவர் எதைப் போட்டுத் தேய்ப்பார் என்று திருப்பிக் கேட்பேன். அது தெரிந்தால் மெஷின் எது என்பது பாதி முடிவாகிவிடும்.

முதலில் ஒரு நோட்டு, ஒரு வாரம்

பணத்தை எடுக்கும் முன் ஒரு வாரம் சுற்றுங்கள். மதுரையில் உலோகத்தில் எழுதும் வேலை மூன்று நான்கு இடத்திலிருந்து வரும். பாத்திரக்கடைகளிலிருந்து குடம், தட்டு, டிபன் கேரியர், குத்துவிளக்கு. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைப் பக்கமிருந்து வெள்ளிச் சாமான். கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளிலிருந்து பாகங்களில் வரிசை எண்ணும் மெஷின் நேம் பிளேட்டும். அப்புறம் கீசெயின், பேனா, கேடயம் என்று பரிசுக்கடை வேலை. நான்கும் நான்கு தினுசு. குடத்துக்குப் பெரிய எழுத்து வேண்டும், ஆழம் அவ்வளவாக வேண்டாம். பட்டறைப் பாகத்துக்கு எழுத்து சின்னது, ஆனால் பெயிண்ட் அடித்த பிறகும் தெரிய வேண்டும். உங்களுக்கு எது அதிகம் வரும் என்று நோட்டில் குறியுங்கள். “எல்லாமே பண்ணுவேன்” என்று ஆரம்பிக்கிறவர்தான் ஆறு மாதத்தில் மெஷினை ஓஎல்எக்ஸில் போடுகிறார்.

எந்த ஒளி, எந்த உலோகம்

கடையில் மூன்று வகை காட்டுவார்கள்.

முதலாவது டயோடு. சில பத்தாயிரம் ரூபாயில் வந்துவிடும். 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி. மரம், தோல், அட்டை எல்லாம் நன்றாகச் செய்யும். சாயம் ஏற்றிய அனோடைஸ் அலுமினியத்தில் (மின்முறையில் மேல்தோலைக் கெட்டியாக்கியது) சாயத்தை வெளுத்து வெள்ளையாக எழுதும். எவர்சில்வரில்? எழுதும், பொய் இல்லை. நான் முதலில் வாங்கியதே அதுதான், அப்படி ஒரு விளம்பர வீடியோவைப் பார்த்துத்தான். தட்டையான தகட்டில் கறுப்பாக வந்தது. ஒரு பேருக்குப் பன்னிரண்டு நிமிஷம். முதல் முகூர்த்த நாளில் முப்பது குடம் வந்து இறங்கியதும் மெஷினை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய கரண்ட் பேனாவைக் கையில் எடுத்தேன்.

இரண்டாவது சிஓ2. 1964-ல் இதைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர், மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது செய்தார். இதன் ஒளி 10,600 நானோமீட்டர். மரம், அக்ரிலிக், துணியை வெட்டுவதற்கு ராஜா. ஆனால் வெறும் உலோகம் இந்த ஒளியைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பிவிடும். மார்க்கிங் ஸ்பிரே அடித்து, அதைச் சுட்டு ஒட்டவைத்து, மிச்சத்தைக் கழுவி எடுத்தால் எவர்சில்வரில் கறுப்பு எழுத்து கிடைக்கும். ஸ்பிரே விலை அதிகம். ஏற்கெனவே சிஓ2 வைத்திருப்பவருக்குச் சரி. உலோகத்துக்கென்றே வாங்க வேண்டாம்.

மூன்றாவது ஃபைபர், 1064 நானோமீட்டர். உலோகத்துக்கு இதுதான். ஒளி ஒரு கண்ணாடி இழைக்குள் உண்டாகி, இரண்டு சின்ன ஆடிகள் ஆடும் தலைக்கு வருகிறது. தலை நகராது, ஆடிகள் மட்டும் நொடிக்கு நூற்றுக்கணக்கான மி.மீ. வேகத்தில் ஒளியை ஓட்டும். என் பன்னிரண்டு நிமிஷப் பேர் இதில் அரை நிமிஷத்துக்குள் முடிகிறது. விலை லட்சத்தைத் தாண்டும்.

ஃபைபரிலும் 20, 30, 50 வாட் என்று இருக்கிறது. பேர் எழுத, எண் போட 20 போதும். நாள் முழுக்க வேலை இருந்தால் 30. அச்சு, காசு மாதிரி ஆழமாகத் தோண்டுகிறவருக்கு 50. மோபா என்றொரு வகை. ஒளி விட்டு விட்டுத் துடிப்பாகத்தான் அடிக்கும், இதில் அந்தத் துடிப்பின் நீளத்தை நாமே மாற்றலாம். எவர்சில்வரில் நிறம் வரவைக்கவும், அனோடைஸ் அலுமினியத்தில் கறுப்பு எழுதவும் அது வேண்டும். வீடியோவில் மயில் கலரைப் பார்த்து மயங்கி மோபா வாங்கியவர்களைத் தெரியும். கேட்டு வருகிறவர் எல்லாம் “சும்மா பேர் தெரிஞ்சா போதும்ணே” என்கிறார்.

லென்ஸ் விஷயத்தில் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். 110 மி.மீ. சதுரம் எழுதும் லென்ஸில் ஒளி கூர்மையாக விழும். 300 மி.மீ. லென்ஸில் அதே ஒளி பரந்து விழுந்து சூடு குறையும். முதல் லென்ஸ் 110 ஆக இருக்கட்டும். பெரிய தாம்பாளம் வரும்போது இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், திருகிக் கழற்றி மாட்டுகிற வேலைதான்.

வாங்கும் இடத்தில்

உங்கள் சாமானை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு பித்தளைத் தட்டு, பட்டறை வேலையென்றால் அந்தப் பாகமே. அவர்கள் வைத்திருக்கும் மாதிரித் தகட்டில் எல்லாமே அழகாகத்தான் வரும். லேசர் ஒளியை உண்டாக்கும் பெட்டியான சோர்ஸ் யாருடையது என்று கேட்டு, அதன் லேபிளைப் பாருங்கள்: ரேகஸ், மேக்ஸ், ஜேபிடி, ஐபிஜி என்று இருக்கும். மெஷின் விலையில் பெரும்பங்கு அந்தப் பெட்டிக்குத்தான். கீ சுவிட்சும் சிவப்பு எமர்ஜென்சி பட்டனும் இருக்கிறதா, மூடிய பெட்டியோடு வருகிறதா, கதவைத் திறந்தால் லேசர் தானாக நிற்கிறதா என்று நின்று சோதியுங்கள்.

மென்பொருள் பெரும்பாலும் ஈசிகேட் வரும். அதோடு ஒரு பென்டிரைவ் கொடுப்பார்கள். அதற்குள் மார்க்சிஎஃப்ஜி7 என்று ஒரு கோப்பு இருக்கும். உங்கள் லென்ஸின் அளவு, திருத்தம் எல்லாம் அதில்தான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதை இரண்டு இடத்தில் நகலெடுப்பது. கம்ப்யூட்டர் ஃபார்மட் ஆன பிறகு சதுரம் போட்டால் சாய்சதுரமாக வருகிறது என்று கூப்பிடுகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இந்தக் கோப்பைப் பற்றித்தான்.

கண்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள்.

நம் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஃபைபர் லேசர் 1064. அதாவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. மெஷினில் தெரியும் சிவப்பு வெளிச்சம் இடம் காட்டுவதற்காகத் தனியாக வைத்தது. உலோகத்தில் தெரியும் பொறியும் லேசர் இல்லை, சூட்டில் உலோகம் ஒளிர்வது. நிஜ லேசர் இரண்டுக்கும் நடுவில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. வெல்டிங் வெளிச்சம் கூசும், நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இது கூசாது, கண்ணும் சிமிட்டாது. விழித்திரையில் வலி நரம்பு இல்லாததால் சுட்டாலும் தெரியாது. தெரியும்போது பார்வையில் ஒரு கறுப்புப் புள்ளி உட்கார்ந்திருக்கும்.

“இருபது வாட்தானே, பழைய ஜீரோ வாட் பல்பை விடக் கொஞ்சம் கூட” என்று ஒரு தம்பி சொன்னார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 20 வாட் என்பது சராசரி. நொடிக்கு 20,000 துடிப்பு என்றால் ஒரு துடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஜூல். அந்தத் துடிப்பு நீடிப்பது 100 நானோ நொடி. வகுத்தால் அந்த நேரத்துக்குள் 10,000 வாட். அதைத்தான் கண்ணின் லென்ஸ் குவித்து விழித்திரையில் ஒரு புள்ளியாக வைக்கிறது. திறந்த ஃபைபர் மெஷின் லேசர் வகுப்புகளில் கடைசியான நான்காம் வகுப்பு. நேராகப் பட்டால் மட்டுமல்ல, பட்டுத் தெறித்து வந்தாலும் ஆபத்து.

நம் தொழிலில் இது இன்னும் மோசம். நாம் எழுதுவதே பளபளக்கும் பாத்திரத்தில்தானே? சாப்பாட்டுத் தட்டின் குழிவு குழியாடி மாதிரி. பட்ட ஒளியைக் குவித்து எங்கோ ஒரு பக்கம் அனுப்பும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அதனால் முதல் தற்காப்பு பெட்டி. தகரம் அல்லது இரும்புத் தகட்டில் சுற்றி மூடுங்கள், உள்பக்கம் மேட் கறுப்பு அடியுங்கள். பார்க்க ஜன்னல் வேண்டுமென்றால் 1064-க்கென்று விற்கும் லேசர் ஜன்னல் தகடுதான். சாதாரணக் கண்ணாடி, தெளிவான அக்ரிலிக் இரண்டின் வழியாகவும் இந்த ஒளி சொகுசாக வெளியே வரும். டயோடு மெஷினோடு வரும் ஆரஞ்சுத் தகடு நீல ஒளிக்கானது, இங்கே அதை நம்பக் கூடாது. என் பெட்டியில் ஜன்னலே கிடையாது. உள்ளே ஒரு மலிவான கேமரா. ஒரு முறை கேமராவின் சென்சாரில் வெள்ளைக் கோடு விழுந்தது. கேமராவை மாற்றினேன், கண் தப்பியது.

இரண்டாவது, கண்ணில் மாட்டும் கண்ணாடி. பெட்டி இருந்தாலும் ஃபோக்கஸ் பார்க்கும்போது, பெரிய தாம்பாளம் பெட்டிக்குள் அடங்காதபோது இது வேண்டும். வாங்கும்போது சட்டத்திலோ கண்ணாடியிலோ அச்சடித்திருப்பதைப் படியுங்கள்: 1064 அடங்கிய எல்லை, அதோடு ஓடி 6 அல்லது அதற்கு மேல். ஓடி 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். இஎன் 207 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் இருந்தால் நல்லது. மெஷினோடு இலவசமாக வந்த பச்சைக் கண்ணாடியில் எந்த எண்ணும் இல்லையா? அது பைக் ஓட்டத்தான் லாயக்கு. கூலிங் கிளாஸ், வெல்டிங் கண்ணாடியைப் போட்டுச் சமாளிக்கும் பேச்சே வேண்டாம். அறையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை கண்ணாடி. டீ கொண்டுவரும் பையனையும் சேர்த்து எண்ணுங்கள்.

மூன்றாவது, வாடிக்கையாளர். தன் பிள்ளையின் பேர் எழுதுவதை வீடியோ எடுக்கக் குனிவார்கள். நான் மெஷினைக் கடையின் பின்பக்கத்துக்குத் தள்ளி, இடையில் கதவு போட்டு, “லேசர் ஓடுகிறது, உள்ளே வராதீர்கள்” என்று எழுதி மாட்டியிருக்கிறேன். ஒரு ஆச்சி கோபித்துக்கொண்டார்: “என் பேரனுக்கு வெட்டுற கரண்டிய நான் பாக்கக் கூடாதா?” வெளியே ஒரு டிவி வைத்து உள் கேமராவை அதில் காட்டினேன். இப்போது அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கிறது.

ஒருவேளை பட்டுவிட்டது, அல்லது பட்டிருக்குமோ என்று சந்தேகம் என்றால் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊர் அண்ணா நகரிலேயே இருக்கிறது. எந்த லேசர், எத்தனை நானோமீட்டர் என்று சொல்லுங்கள். அதை ஒரு சீட்டில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவைத்தால் பதற்றத்தில் மறக்காது.

புகை, கரண்ட், வெயில்

உலோகத்தில் புகை வராது என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். முதல் மாதம் மேஜையைத் துடைத்த துணி கறுத்தது. எவர்சில்வரில் குரோமியமும் நிக்கலும் இருக்கிறது, பித்தளையில் துத்தநாகம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. துத்தநாகப் புகையை நிறைய இழுத்தால் சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் மாதிரி வரும். வெல்டிங் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாய் வைத்து உறிஞ்சும் எக்ஸாஸ்ட் போடுங்கள். சந்துக்குள் கடை என்றால் குழாயைப் பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் விடாமல் மாடிக்கு மேலே ஏற்றுங்கள், அல்லது ஹெப்பா வடிகட்டி உள்ள உறிஞ்சி வாங்குங்கள்.

கரண்ட் பெரிதாக இழுக்காது, மிக்ஸி அளவுகூட வராது. ஆனால் எர்த் சரியாக இருக்க வேண்டும். எலக்ட்ரீசியனை வரவழைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு யூபிஎஸ் கண்டிப்பாகப் போடுங்கள். பாதி எழுத்தில் கரண்ட் போய்விட்டால் பாத்திரத்தைத் தொடாதீர்கள். அசையாமல் இருந்தால் எழுதாத மிச்சத்தை மட்டும் தேர்வு செய்து அதே இடத்தில் தொடரலாம். பதறிக் கையில் எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது.

இந்த மெஷின்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று குறிப்பில் போட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதைத் தாண்டிவிடும். சித்திரைத் திருவிழா மாதத்தில் மத்தியானம் இரண்டு மணி நேரம் மெஷினுக்கு நான் ஓய்வு கொடுத்துவிடுவேன். மூச்சு வாங்கும் ஃபேனின் வலையை வாரம் ஒருமுறை ஊதித் துடைத்தாலே பாதிச் சூடு இறங்கும்.

முதல் நாள், முதல் டம்ளர்

பாத்திரத்தை ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். எண்ணெய்க்கை ரேகைகூட எழுத்தில் தெரியும். மோதிரம், வாட்ச், வளையல் கழற்றுங்கள்.

ஃபோக்கஸ். 110 லென்ஸுக்கு லென்ஸிலிருந்து பொருள் வரை ஏறத்தாழ 17, 18 செ.மீ. வரும், மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு பழைய தகட்டில் சின்னச் சதுரம் ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, தலையை மெல்ல ஏற்றி இறக்குங்கள். கடுகு வெடிக்கிற மாதிரிச் சத்தம் எங்கே ரொம்பக் கூர்மையாக வருகிறதோ அதுதான் இடம். நிறுத்திவிட்டு, அந்த உயரத்துக்கு ஒரு மரக்குச்சியை அளந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு ஸ்கேல் தேவையில்லை, குச்சியை வைத்துத் தலையை இறக்கினால் முடிந்தது.

ஈசிகேட்டில் எஃப்1 அழுத்தினால் சிவப்பு வெளிச்சம் இடம் காட்டும். எஃப்2 அழுத்தினால் லேசர் அடிக்கும். இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில். பேர் நடுவில் வர டம்ளரை ஒரு கையால் நகர்த்திக்கொண்டே இன்னொரு கையால் எஃப்1 என்று நினைத்து எஃப்2-வை அழுத்தினேன். இடது ஆள்காட்டி விரல் நகத்தில் ‘மு’ என்ற எழுத்தின் பாதி, வெள்ளையாக. வலிக்கவில்லை, பொசுங்கிய நாற்றம்தான் முதலில் வந்தது. நகம் வளர்ந்து அது வெளியேற மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது எஃப்2 மேல் ஒரு தண்ணீர் பாட்டில் மூடியைக் கவிழ்த்து ஒட்டியிருக்கிறேன். அடிக்க வேண்டுமானால் மூடியைத் தூக்கித்தான் அடிக்க முடியும். பெட்டிக்கு வெளியே நின்று கால் பெடலால் ஓட்டுவது இன்னும் நல்லது.

அளவுகள். 20 வாட், 110 லென்ஸுக்கு நான் தொடங்கும் இடங்களைச் சொல்கிறேன். உங்கள் மெஷினில் கொஞ்சம் மாறும்.

எவர்சில்வரில் சாம்பல் நிற எழுத்துக்கு நொடிக்கு 800 முதல் 1000 மி.மீ. வேகம், பவர் 60 முதல் 80 சதவீதம், ஃப்ரீக்வன்சி (நொடிக்கு எத்தனை ஆயிரம் துடிப்பு என்பது) 30 முதல் 50 கிலோஹெர்ட்ஸ், எழுத்தை நிரப்பும் கோடுகளின் இடைவெளி 0.05 மி.மீ. அழுத்தமான கறுப்பு வேண்டுமென்றால் வேகத்தை 100 முதல் 200-க்குக் குறைத்து, பவரை 40, 50-க்கு இறக்கி, ஃப்ரீக்வன்சியை 60 முதல் 80-க்கு ஏற்றி, தலையை ஃபோக்கஸிலிருந்து 2 மி.மீ. உயர்த்துங்கள். அங்கே உலோகத்தைக் கொத்துவதில்லை, சுட்டுக் கறுப்பாக்குகிறோம். அனோடைஸ் அலுமினியத்துக்கு 30, 40 சதவீதப் பவரும் 1500 வேகமும் போதும். பித்தளைக்கு 80, 90 சதவீதம், வேகம் 500, ஃப்ரீக்வன்சி 20 முதல் 30.

ஒரு பழைய தகட்டில் 5 மி.மீ. கட்டங்களாகப் போட்டு, குறுக்கே வேகத்தையும் நெடுக்கே பவரையும் மாற்றி மாற்றி அடியுங்கள். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு தகடு. சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். வாடிக்கையாளர் “இந்தக் கலர்” என்று விரல் வைத்துக் காட்டினால் அளவு அங்கேயே எழுதியிருக்கும்.

வளைவு

குடம், சொம்பு, டம்ளர் எல்லாம் வளைந்தவை. லென்ஸ் பார்ப்பதோ தட்டையாக. 7 செ.மீ. விட்டமுள்ள டம்ளரில் 20 மி.மீ. அகலத்துக்கு எழுதினால், நடு எழுத்தை விட ஓர எழுத்து ஒன்றரை மி.மீ. கீழே இறங்கியிருக்கும். இது பரவாயில்லை, ஃபோக்கஸை நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஓரத்துக்கு வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். 30 மி.மீ. அகலம் போனால் மூன்று மி.மீ.-க்கு மேல் இறங்கும். ஓர எழுத்து மங்கும். நீளமான பேரை இரண்டு வரியாக உடைத்து எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இன்னும் நீளம் வேண்டுமென்றால் பாத்திரத்தைச் சுழற்றும் ரோட்டரி வாங்குங்கள். பெரிய குடம் ரோட்டரியில் நிற்காது. மணல் மூட்டை மாதிரி தைத்த பையில் சாய்த்து வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

தமிழ் எழுத்தும் பிழையும்

லேசருக்குத் தமிழ் தெரியாது. சில மென்பொருளில் தமிழை நேராகத் தட்டினால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து இடம் மாறும். பொன்னுத்தாய் என்ற பேரில் ஒற்றைக்கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நின்றது. அதைக் கவனிக்காமல் ஒரு டஜன் தட்டில் அடித்துவிட்டேன். தட்டுகளுக்கு நான்தான் பணம் கட்டினேன். எங்கள் வீட்டில் இன்றும் சோறு அதில்தான்.

பேரைக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் தட்டுங்கள், எழுத்தைக் கர்வ் ஆக மாற்றுங்கள், டிஎக்ஸ்எஃப் கோப்பாக எடுத்து மெஷினுக்குக் கொடுங்கள். பிறகு எழுத்து வெறும் கோட்டுப் படம்தான், சிதறாது. மெல்லிய கோட்டு எழுத்துரு வேண்டாம். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து முதலில் போவது புள்ளியும் சுழியும். புள்ளி போனால் ‘க்’ ‘க’ ஆகிவிடும், அர்த்தமே மாறும். எழுதும் முன் காகிதத்தில் அச்செடுத்து வாடிக்கையாளரிடம் காட்டி, அதிலேயே கையெழுத்து வாங்குங்கள். ‘ன’வா ‘ண’வா என்ற வழக்கு வந்தால் அந்தக் காகிதம் பேசும்.

தேய்த்துப் பாருங்கள்

பித்தளைக் குத்துவிளக்கில் மேலாகக் கறுப்பாக எழுதிக் கொடுத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். வெள்ளிக்கிழமை அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். மூன்றாவது வெள்ளிக்கிழமை எழுத்து இருக்காது. பித்தளையில் நிற்க வேண்டுமென்றால் ஆழம் வேண்டும்: அதே எழுத்தை ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் கோட்டின் கோணத்தை மாற்றி ஓட்டுங்கள். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்பட வேண்டும். நான் எந்தப் புது உலோகத்திலும் மாதிரி அடித்ததும் புளி போட்டுத் தேங்காய் நாரால் நூறு தேய் தேய்ப்பேன். அதற்குப் பிறகுதான் விலை சொல்வேன்.

எவர்சில்வரின் கறுப்பு எழுத்தும் புளிப்புக்கு மெல்ல வெளுக்கும். இன்னொரு தொல்லை துரு. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதே மேலே உள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு தோலால்தான். லேசர் சூடு அந்தத் தோலைக் கெடுத்துவிடுவதால், உப்புத்தண்ணீர் படும் பாத்திரத்தில் எழுத்தின் ஓரம் பழுப்பேறும். அதற்குச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுவது வழி. ஆனால் சுட்டுக் கறுப்பாக்கிய எழுத்தில் அது கறுப்பையும் தின்னும். சமையல் பாத்திரத்துக்கு அதனால்தான் சாம்பல் எழுத்தே போதும் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

வெள்ளி, செம்பு இரண்டும் ஒளியைத் திருப்பி அடிப்பவை. நேர் நடுவில் வைத்தால் சோர்ஸுக்கே திரும்பிப் போய் அதைப் பழுதாக்கலாம். இரண்டு மூன்று டிகிரி சாய்த்து, நடுவை விட்டு ஒதுக்கி வையுங்கள். வெள்ளியில் “எடை குறையுமா தம்பி?” என்று கேட்பார்கள். 20-க்கு 5 மி.மீ. இடத்தை 0.02 மி.மீ. ஆழத்துக்கு முழுக்கச் சுரண்டினாலே 21 மில்லிகிராம்தான் போகும். எழுத்து அதில் மூன்றில் ஒரு பங்குகூட அடைக்காது. வாய்க்கணக்கு யாருக்கும் திருப்தி தராது. வாங்கும்போதும் கொடுக்கும்போதும் அவர்கள் கண் முன்னால் எடை போட்டுக் காட்டுங்கள்.

கை வைக்கக் கூடாத வேலை

நான்ஸ்டிக் பூச்சின் மேல் வேண்டாம், அந்தப் புகை விஷம். பிவிசி, ரெக்சின் மேலும் கூடாது. அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் குளோரைடு, மூச்சையும் கெடுக்கும், மெஷினையும் துருவேற்றும். பெயிண்ட், குரோம், துத்தநாக முலாம் பூசியவை வந்தால் எக்ஸாஸ்ட் நன்றாக இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சட்டப்படி கூடாதவையும் உண்டு. தங்க நகையில் ஹால்மார்க்கும் நகைக்கு நகை மாறும் ஆறு இலக்க அடையாள எண்ணான ஹெச்யூஐடியும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற மையம் மட்டும்தான் போடலாம். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாமல் கடைகள் நகை விற்கக் கூடாது என்பதால், “அழிஞ்ச நம்பரைத் திருப்பிப் போட்டுத் தாங்க” என்று யாராவது வரலாம். எழுத்து அச்சு அசலாக உங்கள் மெஷினில் வரும், அதனால்தான் கேட்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். வண்டியின் சேசிஸ், எஞ்சின் எண்ணும் அப்படியே. எடைக்கல்லில் முத்திரையும் அப்படியே.

கடை சாத்தும்போது லென்ஸை ஸ்பிரிட் நனைத்த லென்ஸ் தாளால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு சுற்று துடைத்து மூடியைப் போடுகிறேன். மெஷினை அணைத்து, கீயைக் கழற்றி, வீட்டுச் சாவிக் கொத்தோடு மாட்டிக்கொள்கிறேன். மகனுக்கு ஒன்பது வயசு; எஃப்2 மேல் உள்ள மூடி எதற்கு என்று போன வாரம்தான் கேட்டான்.